நிலமும் பொழுதும்: போடி மேற்கு மலையில் அனுமதியின் அறம்

ஒரு கட்டுமானத்துக்குக் காலக்கெடு குறிப்பது மனிதர் மனிதருக்குத் தரும் வாக்குறுதியாகும். பணம் ஒதுக்கும் அரசும், வேலையை ஏற்கும் நிறுவனமும், அதன் பயனை எதிர்நோக்கியிருக்கும் மக்களும் அந்த வாக்கில் பங்கு கொள்கிறார்கள். வாக்குத் தவறினால் இழப்பு யாருக்கு, ஈடு செய்ய வேண்டியவர் யார் என்பதையும் ஒப்பந்தங்கள் முன்கூட்டியே வகுத்துவிடுகின்றன. ஆனால் கட்டுமானம் எழப்போகும் நிலத்தில் வாழும் யானையும் புலியும் அந்த வாக்குறுதியில் ஒரு தரப்பாக இல்லை. அவற்றின் நடமாட்டத்துக்கும் இனப்பெருக்கத்துக்கும் உரிய காலம் எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படுவதில்லை. தன் காலத்தை எடுத்துச்சொல்ல இயலாத உயிருக்காக மனிதர் தம் காலத்தை எவ்வளவு தூரம் நிறுத்திவைக்கக் கடமைப்பட்டவர்கள் என்ற அறக்கேள்வி, ஒவ்வொரு வளர்ச்சித் திட்டத்துக்கான அனுமதியின் அடியிலும் இருக்கிறது. போடிநாயக்கனூருக்குத் தெற்கே, ஏலமலைச் சரிவின் அடிவாரத்தில், பொட்டிப்புரம் ஊராட்சியில் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகத்தின் வரலாறு இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டில் மிகத் தெளிவாக எழுப்பியது.

நியூட்ரினோ என்பது மின்னூட்டம் இல்லாத, மிகச் சிறிய நிறையுடைய அடிப்படைத் துகள். சூரியனில் பிறந்து வரும் நியூட்ரினோக்கள் மட்டுமே பூமியின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் நொடிக்கு ஆறாயிரம் கோடிக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் கடந்து செல்கின்றன; எதனோடும் எளிதில் வினைபுரியாத அவற்றைக் கண்டறிய, விண்ணிலிருந்து பொழியும் பிற கதிர்களை வடிகட்டும் பெரும் பாறைக் கவசம் தேவைப்படுகிறது. அதற்காகவே, சார்னோக்கைட் என்னும் கடினப் பாறையாலான போடி மேற்கு மலையின் உட்பகுதியில், ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாறை மூடியின் கீழ், ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதையின் முடிவில் பெரிய குகையறைகளை வெட்டி, 50,000 டன் எடையுள்ள காந்தமேற்றிய இரும்பு உணர்கருவியை நிறுவுவது என டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் அதனுடன் இணைந்த ஆய்வு நிறுவனங்களும் திட்டமிட்டன. மூன்று வகை நியூட்ரினோ நிறைகள் எந்த வரிசையில் அமைந்துள்ளன என்பதைக் கண்டறிவது அதன் தலையாய நோக்கம். 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோக்களை உலகில் முதன்முதலாகப் பதிவு செய்தவர்களுள் இந்திய அறிவியலாளர்களும் இருந்தார்கள் என்பதால், இத்திட்டம் ஓர் அறிவு மரபின் தொடர்ச்சியாகவும் கருதப்பட்டது.

அனுமதிகளின் வரிசையைக் காலமுறைப்படி நோக்கினால் சிக்கலின் இயல்பு விளங்கும். ஆய்வகத்துக்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் நீலகிரியில் மசினகுடியை அடுத்த சிங்காரா. முதுமலைப் புலிகள் காப்பகத்தின் அருகிலும் யானைகளின் வழித்தடத்திலும் அது அமைந்திருந்ததால், 2009 நவம்பரில் அன்றைய ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அனுமதி மறுத்து, தேனி மாவட்டத்தில் மாற்றிடம் தேடுமாறு கூறினார். 2010இல் போடி மேற்கு மலை தேர்வாயிற்று. 2011இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. 2015 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய் மதிப்பீட்டுக்கு ஒப்புதல் தந்தது. மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா திட்ட இடத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருப்பதையும், தாக்க மதிப்பீட்டு அறிக்கையைத் தயாரித்த அமைப்புக்கு உரிய அங்கீகாரம் இல்லாததையும் பூவுலகின் நண்பர்கள் அமைப்பு எடுத்துக்காட்டி வழக்குத் தொடர்ந்தபின், 2017 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அந்த அனுமதியை நிறுத்திவைத்தது. 2018 மார்ச்சில் ஒன்றிய அமைச்சகம் இதைத் தனித்த நேர்வாகக் கொண்டு, கட்டடங்களுக்கும் கட்டுமானங்களுக்கும் உரிய வகைப்பாட்டின் கீழ் மீண்டும் அனுமதி அளித்தது. அதே ஆண்டு நவம்பரில் தீர்ப்பாயம் அந்த அனுமதியை நிலைநிறுத்தியதோடு, தேசிய வனவிலங்கு வாரியத்தின் இசைவைப் பெறாமல் பணி தொடங்கலாகாது என்றும் தெளிவுபடுத்தியது. வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 2022 பிப்ரவரியில், புலிகளின் வழித்தடத்தில் அமையும் இத்திட்டத்துக்கு இசைவளிக்க இயலாது என்று தமிழ்நாடு அரசு அந்த நீதிமன்றத்தில் தெரிவித்தது.

இந்த வரிசையில் கூர்ந்து கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இடம் 2010இல் தேர்வாயிற்று. வனவிலங்கு வாரியத்தின் இசைவு இன்றியமையாதது என்பது 2018இல்தான் உறுதியாயிற்று. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் நிலம் ஒதுக்கப்பட்டது, நிதி ஒப்புதல் பெற்றது, கருவிகளின் முன்மாதிரிகள் உருவாயின, இளம் ஆய்வாளர்கள் தம் வாழ்க்கையை இத்திட்டத்தோடு பிணைத்துக்கொண்டார்கள். அங்கு வாழும் உயிர்களைப் பற்றிய கேள்வி இவ்வளவுக்கும் பின்னால் வந்தபோது, அது இயல்பாகவே ஒரு தடைக்கல்லாகத் தோன்றியது. காட்டுயிர்க் காப்பு கட்டுமானத்தைத் தாமதப்படுத்துகிறது என்று பரவலாகச் சொல்லப்படும் குறை பெரும்பாலும் இவ்வாறே பிறக்கிறது: முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி கடைசியில் கேட்கப்படுவதால், அதன் விடை தாமதத்தின் உருவத்தை அடைகிறது.

விரைவை விரும்புவோரின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடைபோடாமல் இக்கேள்வியைக் கடப்பது நேர்மையாகாது. அறிவியலில் காலம் பொருட்படுத்தத்தக்கது. இதே நிறை வரிசைக் கேள்வியை அணு உலைகளிலிருந்து வரும் நியூட்ரினோக்களைக் கொண்டு ஆராயும் சீனாவின் ஜூனோ ஆய்வகம், இந்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த அதே 2015 ஜனவரியில் கட்டுமானத்தைத் தொடங்கி, 2025 ஆகஸ்ட்டில் தரவு சேகரிக்கத் தொடங்கிவிட்டது. மதுரையில் நிறுவப்பட்ட 85 டன் முன்மாதிரிக் கருவியோடு இந்திய முயற்சி நின்றிருக்கும் நிலையில், இந்த இடைவெளி ஒரு தலைமுறை இயற்பியலாளர்களின் உண்மையான இழப்பே ஆகும். மேலும், அறிவைத் தேடுவதும் ஓர் அறக்கடமை. 1976இல் 42ஆம் திருத்தத்தின் வழியாக இந்திய அரசமைப்பில் சேர்க்கப்பட்ட 51அ பிரிவு, காடுகளையும் காட்டுயிர்களையும் பேணி உயிர்களிடத்தில் இரக்கம் கொள்வதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமையாக ஓர் உட்பிரிவில் வகுத்துவிட்டு, அதற்கு அடுத்த உட்பிரிவிலேயே அறிவியல் மனப்பான்மையையும் ஆராயும் இயல்பையும் வளர்ப்பதைக் கடமையாக வகுக்கிறது. அருகருகே நிற்கும் இவ்விரு கடமைகளுள் ஒன்றைக் கைவிட்டு மற்றொன்றைக் காக்குமாறு அரசமைப்பு எவரையும் பணிக்கவில்லை.

நியூட்ரினோ துகளைப் பற்றிப் பொட்டிப்புரம் சுற்றுவட்டாரத்தில் பரவிய கதிர்வீச்சு அச்சத்துக்கு இயற்பியலில் அடிப்படை இல்லை. உணர்கருவி இயற்கையில் ஏற்கெனவே கடந்து செல்லும் துகள்களைப் பதிவு செய்வதன்றி அவற்றை உண்டாக்குவதில்லை என்ற அறிவியலாளர்களின் விளக்கம் சரியானது. எனவே அறக்கேள்வி துகளைப் பற்றியதாகாமல் இடத்தைப் பற்றியதாகிறது. மலையின் மேற்பரப்பில் மரம் வெட்டப்படாது, சுரங்கவாய் காட்டுக்கு வெளியே அமையும் என்பது திட்டத் தரப்பின் முதன்மையான வாதம். ஆனால் ஆண்டுக்கணக்கில் வெடி வைத்துப் பாறையைத் தகர்ப்பதும், தகர்த்த கல்லை லாரிகளில் அள்ளிச் செல்வதும், இரவிலும் அணையாத விளக்கொளியும் காட்டின் எல்லைக் கல்லோடு நின்றுவிடுவதில்லை. கட்டி முடிந்த ஆய்வகத்தைக் காட்டிலும் கட்டும் காலமே அங்குள்ள விலங்குகளுக்குக் கடுமையானது. அந்த அளவில் காலக்கெடுவும் காட்டுயிர்க் காப்பும் ஒரே பொருளைப் பற்றிய இரு கணக்குகள் ஆகின்றன.

மதிகெட்டான் சோலை ஏறத்தாழ 12.8 சதுர கிலோமீட்டர் பரப்பே உடைய சிறிய பூங்கா. ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டபின் 2003இல் கேரள அரசு அதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. இவ்வளவு சிறிய பரப்பில் ஒரு புலி இனக்குழு தனித்து நிலைபெற இயலாது. பெரியாறு புலிகள் காப்பகத்தோடும், 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தோடும் மலைச்சரிவுகள் வழியாக அதற்குள்ள தொடர்பே அதன் உயிர்நாடி. வழித்தடம் என்று காட்டியல் குறிப்பது இத்தகைய தொடர்பையே. இரண்டு வாழிடங்களுக்கு இடையே விலங்குகள் போக்குவரத்து கொள்ளும் ஒடுங்கிய நிலப்பகுதி அது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தத்தில் இதை ஏற்று, ஒரு புலிகள் காப்பகத்தை மற்றொரு காப்பகத்தோடோ பாதுகாக்கப்பட்ட பகுதியோடோ இணைக்கும் நிலங்களைச் சூழலுக்கு ஒவ்வாத பயன்பாட்டுக்குத் திருப்புவதற்குத் தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலையும் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் அறிவுரையையும் கட்டாயமாக்கியது. சட்டம் இங்கே காப்பதை ஒரு விலங்கு அல்லது ஒரு மரம் என்று சுட்டிக்காட்ட முடியாது. ஓர் உயிர் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்லக்கூடும் என்ற வாய்ப்பையே அது காக்கிறது.

அந்த வாய்ப்பை மறந்து எடுக்கப்படும் முடிவின் விலையை யார் தருகிறார்கள் என்பதை ஏலமலையின் உச்சியிலேயே காணலாம். போடிமெட்டைத் தாண்டிய சின்னக்கானல் ஊராட்சியில், ஆனையிறங்கல் நீர்த்தேக்கத்தை ஒட்டிய யானை வாழிடத்தில், நிலமற்ற பழங்குடிக் குடும்பங்களுக்கு 2003ஐ ஒட்டிய ஆண்டுகளில் கேரள அரசு குடியிருப்பு அமைத்தது; குடும்பங்களின் எண்ணிக்கையால் 301 காலனி என்றே அது இன்றும் அழைக்கப்படுகிறது. நிலம் தருவது நீதியான செயல்; தந்த இடம் யானையின் இடமாக இருந்தது. பல குடும்பங்கள் வீட்டைக் கைவிட்டு வெளியேற நேர்ந்தது. அப்பகுதியில் நடமாடிய அரிக்கொம்பன் என்ற ஆண் யானை 2023 ஏப்ரலில் பிடிக்கப்பட்டுப் பெரியாறு காப்பகத்தில் விடப்பட்டது. சில வாரங்களில் அது மேகமலைச் சரிவுகளைக் கடந்து மே இறுதியில் கம்பம் நகருக்குள் இறங்கியது. ஜூனில் மறுபடியும் பிடிக்கப்பட்டுக் களக்காடு-முண்டந்துறைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. மாநில எல்லையும் மாவட்ட எல்லையும் கோப்பின் எல்லையும் யானைக்கு ஒரு பொருட்டல்ல என்பதோடு, ஓரிடத்தை ஆராயாமல் தரும் அனுமதியால் ஏழை மனிதரும் காட்டு விலங்கும் ஒருசேரத் துன்புறுகிறார்கள் என்பதையும் இந்நிகழ்வு காட்டிற்று.

கடமைகள் இரண்டு மோதும்போது அவற்றைத் துலாக்கோலின் இரு தட்டுகளில் வைத்து நிறுப்பதே நீதி என்று கருதுவது வழக்கம். ஆனால் துலாக்கோல் ஒரே தன்மையுள்ள பொருள்களை நிறுக்கவே உதவும். தாமதத்தால் நேரும் இழப்பும் வழித்தடம் அறுபடுவதால் நேரும் இழப்பும் தன்மையால் வேறானவை. நிறை வரிசை இன்று அறியப்படாவிட்டால் பத்தாண்டு கழித்து அறியப்படும். இந்தியாவில் அறியப்படாவிட்டால் வேறொரு நாட்டில் அறியப்படும். அந்த அறிவு மனித இனம் முழுமைக்கும் உரியதாகவே இருக்கும். ஒரு சரிவில் புலியின் போக்குவரத்து நின்றுபோனால், அதை வேறொரு நாடு வேறொரு சரிவில் ஈடு செய்ய இயலாது. தாமதத்தால் வாழ்க்கைப் பணி குலைந்த ஆய்வாளருக்கு அவருடைய பத்தாண்டுகள் திரும்பி வருவதில்லை என்பதும் உண்மையே. ஆயினும் அவருக்கு நேர்ந்த அநீதிக்கு முழுக் காரணம் புலி என்று சொல்லிவிட முடியாது. இடத்தைப் பற்றிய இறுதி விடையைத் தொடக்கத்திலேயே தரத் தவறிய முறைமைக்கு அதில் பெரும்பங்கு உண்டு. மீட்கக்கூடிய இழப்பும் மீட்க இயலாத இழப்பும் எதிரெதிரே நிற்கையில், ஐயத்தின் பயனை இரண்டாவதற்கு அளிப்பதே அறத்துக்கு இயைந்தது.

இவ்வாறு இடத்தை முன்வைத்துக் காலத்தைக் கருதும் முறை தமிழ்ச் சிந்தனைக்குப் புதியதன்று. தொல்காப்பியத்தின் பொருளதிகாரம் அன்பின் உலகை வகுக்கும்போது நிலத்தையும் பொழுதையும் இணைத்தே முதற்பொருள் என்று கொள்கிறது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் முதலியன அந்த முதலிலிருந்து விளையும் கருப்பொருள்களாகின்றன. இப்பகுப்பில் இரண்டு உண்மைகள் அடங்கியுள்ளன. ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்கே உரிய பொழுது உண்டு என்பது ஒன்று: மலையும் மலை சார்ந்த இடமுமாகிய குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் பெரும்பொழுது, நள்ளிரவாகிய யாமம் சிறுபொழுது. தெய்வமும் விலங்கும் மனிதனின் தொழிலும் ஒரே பட்டியலில் ஒரே வேரிலிருந்து பிறக்கின்றன என்பது மற்றொன்று. தற்கால நிர்வாகத்தின் காலக்கெடுவோ எந்த நிலத்துக்கும் உரியதாகாத பொதுப்பொழுதால் ஆனது. சென்னையில் மேம்பாலத்துக்குக் குறிக்கப்படும் முப்பது மாதமும் ஏலமலைச் சரிவில் சுரங்கத்துக்குக் குறிக்கப்படும் முப்பது மாதமும் அதன் கணக்கில் ஒன்றே. யானையும் புலியும் நடமாடும் யாமப் பொழுதில் ஒளியும் ஓசையும் அடங்கியிருக்க வேண்டுமா என்பதைத் திணைநோக்கில் சிந்திப்பவர் முதலிலேயே கேட்பார்; பொதுப்பொழுதில் சிந்திப்பவருக்கு இரவு மற்றுமொரு பணிமுறை மட்டுமே.

கால அட்டவணையைப் பிற உயிர்களின் பொருட்டு விட்டுக்கொடுப்பதற்குச் சமய மரபிலும் முன்மாதிரி உண்டு. பொட்டிப்புரம் அடங்கிய வட்டத்தின் தலைமையிடமான உத்தமபாளையத்தில், பாறை ஒன்றில் சமணத் தீர்த்தங்கரர்களின் உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. இம்மலையடிவாரங்களில் ஒரு காலத்தில் சமணம் தழைத்திருந்ததற்கு அவை சான்று. ஓரிடத்தில் தங்காமல் நடந்துகொண்டே இருப்பதைத் தம் துறவின் இலக்கணமாகக் கொண்ட சமண முனிவர்கள், மழைக்காலத்தின் நான்கு மாதங்களில் மட்டும் நடையை நிறுத்தி ஓரிடத்தில் தங்குவார்கள். மழையில் பெருகும் புழுவும் பூச்சியும் புல்லும் தம் காலடியில் மிதிபடலாகாது என்பதே அதற்குக் காரணம். தம் இலட்சியத்தைக் கைவிடாமலே அதன் வேகத்தை ஓர் உயிரின் பருவத்துக்கேற்பக் குறைத்துக்கொண்ட அந்த நெறியில், நிறுத்தம் இலட்சியத்துக்கு எதிரானதாகக் கருதப்படவில்லை. இலட்சியத்தின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது. மிகச் சிறிய உயிருக்காக நான்கு மாதம் நிற்க அறிந்த மரபு வாழ்ந்த மண்ணில், இனப்பெருக்கப் பருவத்தில் வெடி வைக்காதிருப்பதையும் இரவில் லாரி ஓட்டாதிருப்பதையும் வெறும் நிபந்தனைகளாகக் கருதி முணுமுணுப்பது சிறுமையாகும்.

ஆய்வகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மலையைச் சுற்றியுள்ள ஊர் மக்கள் அதை அம்பரப்பர் மலை என்றே வழங்கி வழிபடுகிறார்கள். மலையைத் தெய்வமாகக் கொள்வதன் அறப்பொருள், அது எவருடைய உடைமையும் அன்று என்பதே. அரசு நிலம், தனியார் நிலம் என்னும் இரண்டு கட்டங்களில் அடங்காத ஒன்றின் முன் மனிதன் அனுமதி தருபவனாக இல்லாமல் அனுமதி கேட்பவனாக நிற்கிறான். எனினும் புனிதம் என்ற சொல் ஒன்றே காட்டைக் காத்துவிடும் என்று நம்புவது தவறு. காட்டுக் கோயில்களுக்குப் பெருகும் கூட்டமும், அக்கூட்டத்துக்காகக் கேட்கப்படும் சாலைகளும் விடுதிகளும் காட்டின் மீது சுமத்தும் பாரம், ஆய்வகத்தின் பாரத்துக்கு எவ்வகையிலும் குறைந்ததாகாது. பெரியாறு காப்பகத்துக்குள் அமைந்த சபரிமலையே இதற்குச் சான்று. எனவே தெய்வத்தின் பெயரால் ஆய்வகத்தை மறுக்கும் சமூகம், அதே தெய்வத்தின் பெயரால் வரும் கட்டுமானத்தையும் அதே அளவுகோலால் அளக்கக் கடமைப்பட்டது. அளவுகோல் ஆளுக்கு ஆள் மாறுமாயின் அது பக்தியும் ஆகாது, நீதியும் ஆகாது.

தாமதங்கள் எல்லாவற்றுக்கும் காட்டுயிரைக் காரணம் காட்டும் பழக்கமும் ஆராயத்தக்கது. மதுரைக்கும் போடிநாயக்கனூருக்கும் இடையிலான 90 கிலோமீட்டர் இருப்புப்பாதை அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010 இறுதியில் மூடப்பட்டு, 2023 ஜூனில்தான் போடி வரை மீண்டும் ரயில் ஓடியது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நீண்ட அந்தக் காத்திருப்பின் பெரும்பகுதிக்கு நிதி ஒதுக்கீட்டின் மந்தமே காரணம். எந்தப் புலிக்கும் அதில் பங்கில்லை. காலக்கெடுவைப் புனிதமாகக் கருதும் மனம் எல்லாக் காரணங்களின் முன்னும் ஒரே அளவு கடுமையோடு நிற்க வேண்டும். பணம் வராததைப் பொறுத்துக்கொண்டு, வழித்தடம் குறித்த ஆய்வை மட்டும் பொறுக்காதிருப்பது காலத்தின் மீதுள்ள மதிப்பாகாது.

இவற்றிலிருந்து அனுமதி அளிக்கும் முறைக்கு உரிய ஒழுங்கு ஒன்று தெளிவாகிறது. ஒரு திட்டத்துக்கு நிதி ஒதுக்கி நாள் குறிப்பதற்கு முன்பே, அந்த இடம் எந்தெந்த உயிர்களின் போக்குவரத்தில் இருக்கிறது என்ற கேள்விக்கு, குறைந்தது ஓர் ஆண்டின் எல்லாப் பருவங்களையும் கண்டு எழுதப்பட்ட விடை தேவை. கோடைக்கால நாள்கள் சிலவற்றில் எடுக்கப்படும் கணக்கு, மலையின் ஒரு பொழுதை மட்டுமே அறியும். சுற்றுச்சூழல், காடு, காட்டுயிர், மாசுக் கட்டுப்பாடு என நான்கு வாசல்களில் நான்கு ஆண்டுகள் அலையவிடாமல், இடம் பற்றிய இறுதி விடையைத் தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்வது கட்டுபவருக்கு அரசு செலுத்த வேண்டிய நீதி. அந்த விடை முழுமையான ஆய்வின் மேல் நிற்பது காட்டுயிருக்குச் செலுத்த வேண்டிய நீதி. விடை மறுப்பாக இருந்தால், ஏற்கெனவே மனிதன் அகழ்ந்த இடங்களை நோக்குவது அடுத்த படி. ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே பழைய சுரங்கம் ஒன்றிலும், கனடாவின் சட்பரி ஆய்வகம் நிக்கல் சுரங்கத்திலும், இத்தாலியின் கிரான் சாசோ ஆய்வகம் நெடுஞ்சாலைச் சுரங்கத்தின் பக்கத்திலும் அமைந்திருப்பதை உலக இயற்பியல் அறியும். இந்தியாவிடமும் கோலார் இருந்தது. 2001இல் மூடப்பட்டு நீர் நிறைந்த அச்சுரங்கத்தை அறிவியலுக்காகப் பேணியிருந்தால், புதிய மலை ஒன்றைக் குடைவதற்கான தேவை குறைந்திருக்கக்கூடும்.

காட்டுயிரின் சார்பில் பேசும்போது எந்த நிலையில் நின்று பேசுவது என்பதை இந்திய நீதித்துறையும் சிந்தித்திருக்கிறது. ஆசியச் சிங்கங்களை மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு இடமாற்றுவது பற்றிய 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பில், மனித நலனை மையமாகக் கொண்ட பார்வையை விடுத்து இயற்கையை மையமாகக் கொண்டு, அந்த இனத்தின் நலனையே அளவுகோலாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கருதியது. அந்தப் பார்வையைப் பொட்டிப்புரத்துக்குப் பொருத்தினால், அனுமதி தரும் அதிகாரி இரண்டு தரப்புகளுக்கு நடுவே நிற்கும் நடுவர் மட்டுமல்லர். பேச இயலாத தரப்பின் காப்பாளரும் ஆவார். பேசக்கூடிய தரப்புக்குப் பொறியாளரும் வழக்கறிஞரும் அமைச்சகமும் இருக்க, பேச இயலாத தரப்புக்கு இருப்பது அந்த ஒரு காப்பாளரின் நிதானம் மட்டுமே. அந்த நிதானத்தைத் தாமதம் என்று பெயரிட்டுக் குறைக்கக் கேட்பது, ஒரு வழக்கில் ஒரு தரப்பின் வாயை அடைத்துவிட்டு விரைவான தீர்ப்பைக் கோருவதற்கு ஒப்பாகும்.

அறிவைத் தேடும் மனிதனும், தன் பாதையில் நடக்கும் யானையும் ஒரே நிலத்தின் கருப்பொருள்கள். மனிதன் தன் பொழுதை மாற்றிக்கொள்ள வல்லவன். இடத்தையும் மாற்றிக்கொள்ள வல்லவன். யானையால் இரண்டும் இயலாது. ஆற்றல் மிகுந்தவன் மேல் கடமை மிகுதியாக விழுவதே எல்லாச் சமயங்களும் ஒப்பும் அறம். எனவே நிலத்தை அறிந்து முடிக்கும்வரை நாள் குறிக்காதிருப்பதும், அறிந்தபின் குறித்த நாளைத் தவறாமல் காப்பதும் ஏலமலைச் சரிவுகளில் இனி எழவிருக்கும் ஒவ்வொரு கட்டுமானத்துக்கும் விதியாக வேண்டும். அந்த விதியைப் பொட்டிப்புரத்தின் பதினைந்து ஆண்டு அனுபவத்திலிருந்து கற்றுக்கொள்ளும் அரசு, அறிவியலுக்கும் காட்டுயிருக்கும் ஒருசேரத் தன் வாக்கைக் காப்பாற்றும்.